சுரங்கம் கெடுத்த ஆற்றுக்கு ஈடு உண்டா? கோலகுபு முதல் கோல சிலாங்கூர் வரை ஒரு கணக்கு

கோலகுபு பாருவுக்குப் பக்கத்தில் அம்பாங் பெச்சா என்று ஓர் ஊர் இருக்கிறது. மலாயில் ‘அம்பாங்’ என்றால் அணை, ‘பெச்சா’ என்றால் உடைந்தது. பழைய கோலகுபு பட்டணம் இருந்த வட்டாரம் அதுதான். 1883ஆம் ஆண்டில் அங்கிருந்த அணை உடைந்து வெள்ளம் பாய்ந்தது. உலு சிலாங்கூர் மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங் உட்படப் பலர் மாண்டனர். அந்தச் சம்பவமே ஊருக்குப் பெயராக நின்றுவிட்டது.

ஆனால், அந்தப் பட்டணத்தை முடித்து வைத்தது ஒரு நாள் வெள்ளம் அல்ல. மேலே மலையடிவாரத்தில் ஈயம் எடுத்தவர்கள் கழுவிவிட்ட மண்ணும் மணலும் ஆண்டுக்கணக்காகச் சிலாங்கூர் ஆற்றில் இறங்கின. ஆற்றின் அடி மேடேறியது. பெருமழை பெய்யும் போதெல்லாம் தண்ணீர் கடைத்தெருவுக்குள் வந்தது. வற்றும்போது சேற்றை விட்டுப் போனது. கடைசியில் பட்டணத்தையே வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அரசாங்க நகரத் திட்டமிடுநர் சார்ல்ஸ் ரீட் மேட்டு நிலத்தில் புதிய ஊருக்கான திட்டம் வகுத்தார். 1930களின் தொடக்கத்தில் மக்கள் அங்கே குடியேறினர். ‘பாரு’ என்ற சொல் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட கதை இதுதான்.

அதே சிலாங்கூர் ஆறுதான் இன்று கிள்ளான் பள்ளத்தாக்குக் குழாய்களில் வரும் தண்ணீரில் பாதிக்கும் மேற்பட்டதைக் கொடுக்கிறது. அதன் படுகையில் ஈயம் தோண்டுவது பெரும்பாலும் முடிந்த கதை. ஆனால் மணலுக்கும் கல்லுக்கும் தோண்டுவது நிற்கவில்லை. நாட்டின் மற்ற ஆறுகளின் ஓரத்தில் இரும்புத்தாது, பாக்சைட், தங்கம், அரிய மண் தனிமங்கள் என்று தேவை கூடிக்கொண்டே போகிறது. புதிய சுரங்கத்துக்கு விண்ணப்பம் வரும்போதெல்லாம் அறிக்கைகளில் ஒரு வாசகம் தலைகாட்டும்: “ஈர நிலத்துக்கும் நீர்வழிக்கும் ஏற்படும் பாதிப்பு ஈடுசெய்யப்படும்.”

ஆற்றுக்கு எப்படி ஈடு செய்வது? யார் செய்வது? எங்கே செய்வது? ஆற்றோரத்தில் வாழும் தோட்ட மக்களும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று நம்பியிருக்கும் பட்டணத்து மக்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

தோண்டும் இடத்தில் என்ன நடக்கிறது?

மலாயாவில் ஈயத்தைப் பாறையை உடைத்து எடுத்ததைவிட, ஆற்றுப் படுகை மண்ணிலிருந்து கழுவி எடுத்ததே அதிகம். குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். கரைந்த சேற்றைப் ‘பாலோங்’ எனப்படும் நீண்ட மரச் சரிவில் ஓடவிடுவார்கள். கனமான ஈயத்தாது அடியில் தங்கிவிடும். மற்றதெல்லாம் கீழே ஓடிவிடும். சதுப்பான இடங்களில் ஈயக் கப்பல்கள் மிதந்தபடியே தரையைத் தோண்டிக்கொண்டு நகர்ந்தன. பேராக்கில் பத்து காஜாவுக்கு அருகே தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் பார்வைக்கு நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் 1938இல் கட்டப்பட்டது. சுமார் 4,500 டன் எடை கொண்ட அது 1982 வரை வேலை செய்தது.

எந்தத் தாதுவைத் தோண்டினாலும் தண்ணீருக்கு வரும் கேடு நான்கு வகைப்படும்.

முதலாவது, சேறு. மெல்லிய களிமண் தண்ணீரில் கலந்தால் எளிதில் படியாது. சூரிய ஒளியை மறைக்கும். மீன் முட்டைகளை மூடும். ஆற்றின் ஆழத்தைக் குறைக்கும். கோலகுபுவைக் கவிழ்த்தது இதுதான்.

இரண்டாவது, பள்ளம். ஆழமாகத் தோண்டினால் சுற்றியுள்ள நிலத்தடி நீர் பள்ளத்தை நோக்கி இறங்கும். பக்கத்தில் சதுப்புக் காடு இருந்தால் அது உலரும். உலர்ந்த கரிச்சேற்று மண் அமுங்கும். வெயில் காலத்தில் தீப்பிடித்தால் வாரக்கணக்கில் புகையும்.

மூன்றாவது, உலோகம். ஈயத்தாதுவோடு ஆர்செனிக் கலந்த கனிமங்களும் சேர்ந்து கிடப்பதுண்டு. மண்ணுக்குள் மூடிக் கிடந்தவரை சும்மா இருந்தவை, காற்றும் நீரும் பட்டதும் கரையத் தொடங்கும்.

நான்காவது, பாதை. சுரங்கத்துக்கு இடம் கொடுக்க ஓடையைத் திருப்பிவிடும்போது, அதை நம்பியிருந்த கீழ்ப்புற நிலங்களுக்கு நீர் வரும் நேரமும் அளவும் மாறிவிடும்.

சேற்றைத் தடுப்புக் குட்டையில் படியவிட முடியும். ஆனால் உலர்ந்துபோன சதுப்பையும், திசை மாறிய ஓடையையும் ஒரு குட்டை வெட்டிச் சரிக்கட்ட முடியாது. ஈடு என்ற பேச்சு எழுவது இதனால்தான்.

ஈடு என்பது நான்காவது படி

உலகம் முழுவதும் சுற்றுச்சூழல் திட்டமிடலில் ஒரு வரிசை ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. முதலில் தவிர்க்க வேண்டும்: பாதிப்பு வரும் இடத்தை விட்டு விலக வேண்டும். தவிர்க்க முடியாததைக் குறைக்க வேண்டும். குறைத்த பிறகும் கெட்டதை, வேலை முடிந்ததும் அதே இடத்தில் சீராக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் இழப்புக்கு மட்டுமே வேறிடத்தில் ஈடு செய்ய வேண்டும்.

கடைசிப் படியை முதல் படியாக்கிவிட்டால் முழுக் கணக்கும் தலைகீழாகிவிடும். “வேறு எங்காவது மரம் நடுகிறோம்” என்று சொல்லி எந்த ஆற்றங்கரையையும் தோண்டலாம் என்ற நிலை வந்துவிடும்.

முதல் இரண்டு படிகளையும் விட்டால் என்னவாகும் என்பதைக் குவாந்தான் காட்டியது. 2014ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்தோனேசியா பதப்படுத்தாத தாது ஏற்றுமதியை நிறுத்தியது. சீனாவின் ஆலைகளுக்கு பாக்சைட் வேறிடத்திலிருந்து தேவைப்பட்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் பகாங்கின் செம்மண் மலையாகக் கப்பலேறியது. 2015இல் மட்டும் மலேசியாவிலிருந்து சீனாவுக்குப் போன பாக்சைட் 2 கோடி டன்னுக்கும் மேல். சாலையும் வீடும் ஆறும் சிவந்தன. கடற்கரைத் தண்ணீரும் சிவந்தது. 2016 ஜனவரி 15 முதல் மத்திய அரசாங்கம் தோண்டலை நிறுத்தி வைத்தது. 2019 மார்ச் வரை அந்தத் தடை நீடித்தது.

அந்த வேகத்துக்கு ஒரு காரணம் விதியிலேயே இருந்தது. 1987ஆம் ஆண்டு உத்தரவின்படி, 250 ஹெக்டருக்கு மேற்பட்ட புதிய சுரங்கத்துக்குத்தான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக இருந்தது. சிறு சிறு துண்டு நிலங்களில் நடந்த தோண்டல் அந்த வரம்புக்குள் வரவில்லை. ஒவ்வொரு துண்டும் சிறியது. எல்லாத் துண்டின் சேறும் இறங்கியது ஒரே ஆற்றில். மதிப்பீடே இல்லாத இடத்தில் எவ்வளவு இழந்தோம் என்ற கணக்கும் இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் ஈடு கேட்கவும் முடியாது.

வழி ஒன்று: தோண்டிய பள்ளத்தையே நீர்நிலை ஆக்குவது

மலேசியர்களுக்கு நன்றாகப் பழக்கமான வழி இது. தைப்பிங் ஏரிப் பூங்கா 1880களில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்தில் உருவானது. சிலாங்கூரில் டிங்கிலுக்கு அருகே உள்ள பாயா இண்டா ஈர நிலமும் ஈயச் சுரங்கக் குட்டைகளும் சதுப்பு நிலமும் சேர்ந்ததுதான். இன்று வனவிலங்குத் துறையின் பொறுப்பில் இருக்கும் அங்கே பறவைகள் திரண்டு வருகின்றன. பத்து காஜாவுக்கு அருகே கிந்தா இயற்கைப் பூங்காவின் பழைய குட்டைகளில் கொக்கும் நாரையும் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன.

சிலாங்கூர் ஆற்றின் கீழ்ப்பகுதியில், பத்தாங் பெர்ஜுந்தை என்று மூத்தவர்கள் இன்னமும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவுக்கு வேறொரு கதை. ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் ஒரு பக்கம் தோட்டங்கள், மறுபக்கம் ஈயச் சுரங்கங்கள். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தொடங்கிய தென்னமரம் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஞ்சியது குட்டைகள்.

2014ஆம் ஆண்டு வறட்சியில் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது அந்தக் குட்டைகளின் நீர் சிலாங்கூர் ஆற்றுக்குள் இறைக்கப்பட்டது. பின்னர் ‘ஹோராஸ்’ என்ற பெயரில் அது திட்டமாகவே வடிவெடுத்தது. மழைக்காலத்தில் ஆற்று நீரைக் குட்டைகளில் தேக்கி, வறண்ட காலத்தில் திரும்ப ஆற்றுக்கு விடுவதுதான் அதன் அடிப்படை. ஆற்றுக்குச் சுமையாகக் கிடந்த பள்ளம், ஆற்றுக்குத் தோள் கொடுக்கும் தொட்டியானது.

ஆனாலும் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய குட்டை பயன்படுகிறது என்பதற்காக, பழைய இழப்பு ஈடாகிவிட்டது என்று பொருளில்லை. முன்பு அங்கே இருந்தது ஆழமில்லாத சதுப்பு. மழை நீரை உறிஞ்சி வைத்து மெல்ல விட்டது. நாணலும் மரமும் மீன் குஞ்சும் அதில் வாழ்ந்தன. இப்போது இருப்பது செங்குத்துக் கரையுள்ள ஆழ்பள்ளம். அத்தகைய குட்டையின் நடுவில் செடி வளராது. அடியில் உயிர்க்காற்று குறைவு. உலோகம் இருக்கிறதா என்று தொடர்ந்து சோதித்தபடியே இருக்க வேண்டும். குளிக்கப் போன பிள்ளைகள் பழைய ஈயக் குட்டைகளில் மூழ்கிய செய்திகளும் புதியவை அல்ல.

பள்ளத்தை உண்மையான ஈர நிலமாக்க வேலை தேவை. கரையைச் சரித்து ஆழமற்ற விளிம்பு அமைக்க வேண்டும். மேல்மண்ணைச் சுரங்கம் தொடங்கும்போதே தனியாக எடுத்துக் காத்து வைக்க வேண்டும். உள்ளூர்ச் செடிகளை நட வேண்டும். நீர் உள்ளே வரவும் வெளியேறவும் வழி இருக்க வேண்டும். இதையெல்லாம் சுரங்கம் மூடிய பிறகு யோசித்தால் செலவு பல மடங்காகும். அப்போது நிறுவனமே இல்லாமலும் போயிருக்கலாம்.

வழி இரண்டு: பக்கத்தில் கெட்டுக் கிடப்பதைச் சீராக்குவது

தோண்டிய இடம் பழைய நிலைக்குத் திரும்பாது என்றால், அதே ஆற்றுப் படுகையிலோ அதை ஒட்டியோ ஏற்கெனவே கெட்டுக் கிடக்கும் ஈர நிலத்தைச் சீராக்கலாம். புதிதாக ஒரு சதுப்பைத் தோண்டி உருவாக்குவதைவிட, பழைய சதுப்புக்கு அதன் தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பதில் வெற்றி வாய்ப்பு அதிகம். மண்ணும் விதையும் பாதியாவது அங்கே மிஞ்சியிருக்கும்.

இதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். பெஸ்தாரி ஜெயாவை அடுத்துள்ள ராஜா மூசா காட்டு ஒதுக்கீடு, வட சிலாங்கூர் கரிச்சேற்றுச் சதுப்புக் காட்டின் ஒரு பகுதி. மரம் வெட்டியவர்கள் தோண்டிய வாய்க்கால்கள் வழியாகத் தண்ணீர் வடிந்து போனது. காடு உலர்ந்தது, தீ வந்தது. சுமார் 1,000 ஹெக்டர் மோசமாகக் கெட்டது. 2008 முதல் மாநில வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையம் என்ற அமைப்பும் உள்ளூர் மக்களோடும் தொண்டர்களோடும் சேர்ந்து அதை மீட்டு வருகின்றன.

முதல் வேலை மரம் நடுவது அல்ல, வாய்க்காலை அடைப்பது. தண்ணீர் நின்றதும் தீ குறையும். அதன் பிறகே தெங்கேக் பூரோங், மெர்சாவா பாயா போன்ற சதுப்பு மரக் கன்றுகள் நடப்படுகின்றன.

இது சுரங்கத்துக்கான ஈடாகச் செய்யப்பட்ட வேலை அல்ல. ஆனால், ஈடு என்று ஒரு நிறுவனம் காசு கொடுத்தால் அந்தக் காசு செய்ய வேண்டிய வேலை எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல அளவுகோல். பத்து ஆண்டுக்கு மேல் ஆட்கள் திரும்பத் திரும்பப் போய் வாய்க்கால் அடைப்பைப் பார்த்து, தீயை அணைத்து, செத்த கன்றுக்கு மாற்று நடும் வேலை அது. திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் அதில் சிறு பகுதிதான்.

வழி மூன்று: இருப்பதைக் காப்பது

சில இடங்களில் சீராக்க எதுவும் இருக்காது. ஆனால் அழியும் ஆபத்தில் நல்ல ஈர நிலம் இருக்கும். அதை வாங்கியோ, அரசிதழில் அறிவித்தோ, நிரந்தரமாகக் காப்பதை ஈடாகக் கொள்வதும் உண்டு.

சிலாங்கூர் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் கம்போங் குவாந்தான் மின்மினிகள் இருக்கின்றன. பெரெம்பாங் மரங்களில் இரவுதோறும் ஒரே தாளத்தில் மின்னும் பூச்சிகள் அவை. மரத்தை மட்டும் காத்தால் அவை பிழைக்காது. அவற்றின் புழுக்கள் ஆற்றங்கரையின் ஈர மண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரை வெட்டப்பட்டாலோ, மேலிருந்து வரும் நன்னீர் குறைந்து உப்பு ஏறினாலோ, இனம் குறையும். 2009இல் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியமான லுவாஸின் சட்டத்தின்கீழ் அந்த ஆற்றோரம் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது.

இந்த வழியில் ஒரு பொறியும் உண்டு. ஏற்கெனவே காக்கப்பட்ட இடத்தையே, அல்லது யாரும் தொடப்போகாத இடத்தையே ‘ஈடு’ என்று காட்டினால், கையில் இருந்ததையே எடுத்துக் கையில் கொடுப்பது போலாகும். 10 ஹெக்டர் சதுப்பை அழித்துவிட்டு, பத்திரமாக இருந்த வேறு 10 ஹெக்டருக்கு வேலி போட்டால், முன்பு 20 ஹெக்டர் இருந்த இடத்தில் மிஞ்சுவது 10 ஹெக்டர்தான். காப்பதை ஈடாகக் கணக்கிட வேண்டுமானால், அந்த இடத்துக்கு உண்மையில் ஆபத்து இருந்தது என்று காட்ட வேண்டும். அழிப்பதைவிடப் பல மடங்கு பரப்பைக் காக்க வேண்டும்.

வழி நான்கு: பணமாகக் கட்டுவது

நிறுவனம் தானே எதையும் செய்யாமல், செய்யத் தெரிந்தவர்களிடம் பணம் கொடுப்பது இந்த வழி. இதில் அமெரிக்காவின் அனுபவம் நீண்டது. அங்கே 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தின்கீழ் ஈர நிலத்தையோ ஓடையையோ நிரப்ப அனுமதி வேண்டும். 2008ஆம் ஆண்டு விதிகள் மூன்று வகை ஈட்டை வரிசைப்படுத்தின.

முதல் விருப்பம், ஈர நில ‘வங்கி’. ஒருவர் முன்கூட்டியே சதுப்பைச் சீராக்கி, அது தேறியதாக அதிகாரிகள் ஒப்புக்கொண்ட பிறகு, அதைப் புள்ளிகளாக விற்கிறார். இழப்பு வருவதற்கு முன்பே ஈடு தரையில் இருக்கிறது என்பதே இதன் பலம். இரண்டாவது, நிதியில் பணம் கட்டுவது. அரசாங்க அமைப்போ தொண்டு அமைப்போ பல நிறுவனங்களின் பணத்தைச் சேர்த்துப் பெரிய மீட்பு வேலையைச் செய்யும். பணம் உறங்கிவிடக் கூடாது என்பதற்காக, முதல் பணம் வந்ததிலிருந்து மூன்றாவது வளர்பருவத்துக்குள் நிலம் வாங்குவதும் முதற்கட்டச் சீரமைப்பும் முடிந்திருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. மூன்றாவதாகத்தான், அனுமதி பெற்றவர் தாமே செய்வது.

அனுமதி பெற்றவர் தாமே செய்வதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருந்தது. அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2001இல் வெளியிட்ட அறிக்கை, “நிகர இழப்பு இல்லை” என்ற இலக்கு எட்டப்படவில்லை என்று சொன்னது. அப்பலாச்சியன் மலைகளில் நிலக்கரிக்காக ஓடைகள் மூடப்பட்டு, பதிலுக்கு வெட்டப்பட்ட புதிய ஓடைகளை ஆராய்ந்தவர்களும் இதையொத்ததையே கண்டார்கள். பார்வைக்கு ஓடை போல இருந்தது. பழைய ஓடையின் பூச்சியும் புழுவும் மீனும், நீரின் தன்மையும் திரும்பவில்லை.

மலேசியாவில் நிலமும் சுரங்கமும் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. மாநிலக் கனிமச் சட்டங்களில் சுரங்கப் புனரமைப்புத் திட்டத்துக்கும், அதற்கான நிதிக்கும் இடம் உண்டு. அது பெரும்பாலும் தோண்டிய இடத்தைச் சீராக்குவதற்கானது. கீழே பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் கெட்ட ஆற்றுக்கானது அல்ல.

ஈட்டை விற்கும் முயற்சியும் இங்கே நடந்திருக்கிறது. சபாவில் 2008இல் தொடங்கிய மலுவா உயிரின வங்கி, 34,000 ஹெக்டர் காட்டை மீட்கச் சான்றிதழ் விற்றது. எதிர்பார்த்த அளவுக்கு வாங்குவோர் வரவில்லை. வாங்கியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் யாரையும் கேட்கவில்லை என்பது முக்கியக் காரணம். நல்ல மனத்தை மட்டும் நம்பி ஈடு நடக்காது என்பதே அதன் பாடம்.

கணக்கு தவறும் நான்கு இடங்கள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஏமாற்றம் நுழையும் வாசல்கள் நான்குதான்.

இடம்: உலு சிலாங்கூரில் ஓடை கெட, ஜொகூரில் அலையாத்திக் கன்று நட்டால் சிலாங்கூர் ஆற்றுக்கு ஒரு துளி பயனும் இல்லை. வெள்ளம் தாங்குவதும், சேறு வடிகட்டுவதும், குடிநீர் தருவதும் அந்தந்த ஆற்றோடு கட்டுண்டவை. ஈடு அதே படுகையில் இருக்க வேண்டும்.

காலம்: சதுப்பை ஒரு மாதத்தில் அழிக்கலாம். நட்டது மரமாக முப்பது ஆண்டு ஆகும். ஒரு மீட்டர் கரிச்சேற்று மண் சேரப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். இடைப்பட்ட காலத்தின் இழப்பையும் சேர்த்துத்தான் ஒன்றுக்கு ஒன்று போதாது, ஒன்றுக்கு இரண்டு, மூன்று என்று கேட்கப்படுகிறது.

வகை: சதுப்புக்குச் சதுப்பு, ஓடைக்கு ஓடை. ஆழக் குட்டை சதுப்புக்கு ஈடாகாது. தடுப்புக் குட்டை ஓடைக்கு ஈடாகாது.

ஆள்: சுரங்க நிறுவனம் போன பிறகு யார் பார்ப்பது? வேலை தொடங்கும் முன்பே வைப்புப் பணம் கட்டப்பட்டு, ஈடு தேறியதாக வெளியார் ஒருவர் சான்று கொடுத்த பிறகே அது திரும்ப வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் ஈடு சொல்லவே முடியாத இடங்கள் உண்டு. பகாங்கின் தாசேக் சினி அத்தகையது. நாட்டின் இரண்டாவது பெரிய இயற்கை நன்னீர் ஏரியான அது 2009இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானது. மலேசியாவில் அந்தத் தகுதி பெற்ற முதல் இடம். 1995இல் சினி ஆற்றில் கட்டிய தடுப்பணை நீர்மட்டத்தை உயர்த்திக் கரையோர மரங்களைக் கொன்றது. சுற்றிலும் காடு வெட்டுவதும் இரும்புத்தாது தோண்டுவதும் சேற்றைச் சேர்த்தன. தாமரை படர்ந்த அந்த ஏரியை நம்பி வாழும் ஜாக்குன் பூர்வகுடியினருக்கு அது மீன்பிடிக்கும் இடம் மட்டுமல்ல. முன்னோர் கதைகளின் இடம். வேறு மாவட்டத்தில் ஓர் ஏரி வெட்டிக் கொடுத்து அதற்கு ஈடு சொல்ல முடியாது. அங்கே இருக்கும் ஒரே சரியான வழி, வரிசையின் முதல் படியான தவிர்ப்பதுதான்.

மக்கள் கேட்க வேண்டியவை

பெரிய சுரங்கத் திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, சுற்றுச்சூழல் துறையால் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். குறித்த நாளுக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம். வழக்கறிஞரோ விஞ்ஞானியோ ஆக வேண்டியதில்லை. அந்த ஓடையில் முன்பு எந்த மீன் கிடைத்தது, எந்த மாதத்தில் தண்ணீர் கலங்குகிறது, வெள்ளம் எந்த வீட்டுப் படி வரை வந்தது என்பதெல்லாம் அறிக்கை எழுதியவருக்குத் தெரியாமலிருக்கலாம். தோட்டப்புறத்தில் நாற்பது ஆண்டு வாழ்ந்தவருக்குத் தெரியும். அதை எழுதிக் கொடுத்தால் அது பதிவாகும்.

குடியிருப்பாளர் சங்கமோ கோயில் நிர்வாகமோ கூட்டுறவோ ஒன்றுகூடிக் கேட்கக்கூடிய கேள்விகள் இவை:

• இந்த ஓடையை விட்டு விலகித் தோண்டும் வழி பார்க்கப்பட்டதா? ஏன் தள்ளப்பட்டது?
• பக்கத்தில் ஏற்கெனவே உள்ள தோண்டல்களோடு சேர்த்து ஆற்றுக்கு வரும் மொத்தச் சேறு கணக்கிடப்பட்டதா?
• ஈடாகக் காட்டும் இடம் எது? அது இதே ஆற்றுப் படுகையில் இருக்கிறதா?
• அந்த இடம் ஏற்கெனவே காக்கப்பட்டதா, உண்மையில் ஆபத்தில் இருந்ததா?
• அழிவதும் ஈடாவதும் ஒரே வகை ஈர நிலமா? எத்தனைக்கு எத்தனை?
• ஈட்டு வேலை தோண்டும் முன் தொடங்குமா, பின்பா?
• வைப்புப் பணம் எவ்வளவு, யார் கையில்? எந்தச் சான்று கிடைத்தால் அது திரும்பும்?
• நீர்ச் சோதனை முடிவுகள் ஊராருக்கு எங்கே, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்கப்படும்?

இவற்றுக்குத் தெளிவான பதில் இருந்தால், அந்த ஈடு நம்பத்தக்கது. “பின்னர் முடிவு செய்யப்படும்” என்று மட்டும் இருந்தால், அந்தச் செலவை யாரோ வேறொருவர் ஏற்கப் போகிறார் என்று பொருள். அது பெரும்பாலும் ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருப்பவராகத்தான் இருக்கும்.

கோலகுபு மக்களுக்கு அந்தக் கேள்விகளைக் கேட்க வாய்ப்பு இருக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்த ஈடு, மேட்டில் ஒரு புதிய பட்டணம். அன்று ஆறு கலங்கியபோது இடம் மாறியது ஒரு சிற்றூர். இன்று அதே ஆற்றின் தண்ணீரை நம்பி இலட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களை மேட்டில் குடியேற்ற இன்னொரு ‘பாரு’ கட்ட முடியாது. ஆகவே, ஈடு பற்றிய பேச்சு முதல் மண்வாரி இயந்திரம் ஆற்றங்கரைக்கு வரும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.